பேதைமையும் அனுபவமும்: ‘அக்னிப் பிரவேசம்’ கதையும் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலும்

ஜெயகாந்தன் 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்னிப் பிரவேசம்’ என்ற சிறுகதையும், 1970இல் நூலாக வெளிவந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து பிறந்தவை. மழை பெய்யும் ஒரு மாலை, பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவி, ஒரு பெரிய கார், முன்பின் அறியாத ஓர் இளைஞன். இவை இரண்டிலும் மாறவில்லை. அவள் வீடு திரும்பிய பிறகு அவளுடைய தாய் என்ன செய்கிறாள் என்பது மட்டும் மாறுகிறது. அந்த ஒரு மாற்றத்தால் கதையில் பிழைத்துக்கொண்ட பெண் நாவலில் பன்னிரண்டு ஆண்டுகள் தண்டனை அனுபவிக்கிறாள்.

பேதைமை அனுபவமாக மாறுவது உலக இலக்கியம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் பொருள். ஒரு குழந்தை அல்லது இளைஞர் உலகத்தின் கொடுமையை நேரில் கண்டு முதிர்கிறார் என்பதே அதன் பொதுவான வடிவம். ஜெயகாந்தனின் இவ்விரு படைப்புகளையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது வேறொன்று தெரிகிறது. ஒரு பெண் பேதையா, அனுபவப்பட்டவளா என்பதை அவளுக்கு நேர்ந்தது முடிவு செய்வதில்லை. அதைத் தெரிந்துகொண்ட மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். இரக்கமும் நீதியும் அந்த முடிவைப் பொறுத்தே அவளுக்குக் கிடைக்கின்றன.

சொல்லின் வரலாறு

தமிழில் இந்தப் பொருளைக் குறிக்கும் சொற்களே கவனிக்கத்தக்கவை. திருக்குறளில் ‘பேதைமை’ என்பது ஓர் அதிகாரத்தின் தலைப்பு. அங்கே அது நன்மை தீமை அறியாத மடமை; களைய வேண்டிய குற்றம். உலா இலக்கியத்தில் ‘பேதை’ என்பது பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது. இன்னும் எதையும் அறியாத சிறுமி. ‘வெகுளி’ என்ற சொல் வள்ளுவரிடம் சினத்தைக் குறிக்கிறது. இன்றைய பேச்சில் சூதுவாது தெரியாத ஆளைக் குறிக்கிறது. ‘கள்ளமின்மை’ என்று சொன்னால், இல்லாத ஒன்றைக் கொண்டுதான் அந்தக் குணத்தைச் சுட்ட முடிகிறது.

பெண்ணுக்கு உரியவையாகச் சொல்லப்படும் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற நான்கில் ‘மடம்’ இன்னும் நுட்பமானது. அறிந்தும் அறியாதது போலிருப்பது என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். பொதுவாக அறியாமை குற்றம் என்று நினைக்கும் மரபு, பெண்ணிடம் மட்டும் அதை அணிகலனாக எதிர்பார்த்திருக்கிறது. அறிவு வந்துவிட்டாலும் அது வெளியே தெரியக் கூடாது. ஆகவே ஒரு பெண் அனுபவம் பெறுவது என்பது, எதையாவது தெரிந்துகொள்வது என்பதைவிட, அவளுக்குத் தெரியும் என்பது பிறருக்குத் தெரியவருவதுதான். ஜெயகாந்தனின் கதையும் நாவலும் இந்த இடத்தில்தான் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன.

தலையில் ஊற்றிய நீர்

‘அக்னிப் பிரவேசம்’ கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. காரில் ஏறுவதற்கு முன் தயங்குகிறாள்; மழையும் இருட்டும் காரின் பகட்டும் தயக்கத்தைக் கரைக்கின்றன. நடந்ததற்குப் பிறகு நனைந்த உடையோடு வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்லிவிடுகிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அடுத்த கணமே அக்கம்பக்கத்தார் காதில் விழுந்துவிடும் என்பது உறைக்கிறது. மகள் மழையில் நனைந்துவிட்டு வந்ததற்காகக் கோபித்துக்கொண்டதாகச் சமாளித்துவிடுகிறாள். பிறகு மகளை உட்கார வைத்துத் தலையில் நீரூற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வழியில் அசுத்தத்தை மிதித்தவர்கள் காலைக் கழுவிக்கொள்வதைச் சொல்கிறாள். மனத்தால் கெடாத அகலிகையைச் சொல்கிறாள். நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறாள்.

அந்த நாளில் இது துணிச்சலான முடிவு. லட்சக்கணக்கான குடும்பங்கள் படித்த ஒரு வார இதழில், ஒரு சாதாரணத் தாய் சாத்திரத்தையும் ஊர்ப்பேச்சையும் ஒதுக்கிவிட்டு மகளை ஏற்றுக்கொள்கிறாள். கடுமையான எதிர்ப்புகள் எழுந்தன. கதையின் முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. அந்தச் சலசலப்பே கதை எந்த இடத்தைத் தொட்டது என்பதற்குச் சான்று.

ஆனாலும் தாயின் இரக்கத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மகள் பேதை, அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் மனத்தில் கறை இல்லை. அதனால் அவள் தூய்மையானவள். இதே தர்க்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நிலைமை வேறு. அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் உலகம் அறிந்தவளாக இருந்தால்? அந்த இளைஞனோடு பேசுவது அவளுக்குப் பிடித்திருந்து, அதற்கு மேல் வேண்டாம் என்று மட்டும் நினைத்திருந்தால்? அவளுக்கும் அந்த நீர் கிடைத்திருக்குமா? கதை இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. அவளுடைய சம்மதம் இருந்ததா என்பதையும் அது தெளிவாகப் பேசவில்லை. அவளுடைய அறியாமையை வலுவாகக் காட்டி, அந்தக் கேள்விக்குத் தேவையே இல்லாமல் செய்துவிடுகிறது. ‘அக்னிப் பிரவேசம்’ என்ற தலைப்பும் இந்த நிபந்தனையை ஒப்புக்கொள்கிறது. கழுவ வேண்டிய ஏதோ ஒன்று பெண்ணிடம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தால்தான் நெருப்போ நீரோ தேவைப்படும்.

அடங்காத கூக்குரல்

எதிர்ப்புகளுக்கு ஜெயகாந்தன் அளித்த விடை அவர் எவ்வளவு நேர்மையான எழுத்தாளர் என்பதைக் காட்டுகிறது. தன் முடிவை அவர் வெறுமனே வாதிட்டுக் காக்கவில்லை. தாய் அப்படி நடந்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தானே எழுதிப் பார்த்தார். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்ததுதான் பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆனது. 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது; கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

நாவலில் தாய் கனகத்தின் கூக்குரல் அடங்கவில்லை. ஊர் கூடிவிடுகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். வெங்கு மாமா அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைக்கிறார். அதே கை அவளை நெருங்கவும் பார்க்கிறது. இனி அவள் யாருக்கும் மனைவியாக முடியாது என்று தர்மம் பேசுபவரும் அவரே. கங்கா படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, தாயையும் தன்னோடு வைத்துக்கொள்கிறாள். இருந்தாலும் ஊரின் கண்ணில் அவள் ‘கெட்டுப்போனவள்’.

காருக்குள் நடந்தது கதையிலும் நாவலிலும் ஒன்றுதான். கதையின் பெண் மறுநாள் கல்லூரிக்குப் போயிருப்பாள் என்று நாம் நம்ப முடிகிறது. நாவலின் பெண்ணுக்கு அந்த மாலை முடிவதே இல்லை. அவளுக்கு ‘அனுபவ’த்தைக் கொடுத்தது காரை ஓட்டிவந்தவன் மட்டுமென்று சொல்ல முடியாது. அண்ணனின் மானமும் மாமாவின் தர்மமும் அக்கம்பக்கத்தின் பார்வையும் அதைத் தினந்தோறும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

நாவலுக்குள் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் வருகிறார். ‘அக்னிப் பிரவேசம்’ அவர் எழுதிய கதையாக ஒரு பத்திரிகையில் வெளிவருகிறது. கங்கா அதைப் படிக்கிறாள், தாயும் படிக்கிறாள். தன் வாழ்க்கை எப்படி நடந்திருக்கலாம் என்பதை ஒரு பெண் அச்சில் பார்க்கும் கட்டம் இது. இலக்கியத்தின் நல்ல மனத்துக்கும் சமூகத்தின் நடப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. கதையின் முடிவு பொய்யென்று நாவல் சொல்லவில்லை. அப்படி ஒரு தாய் வாய்ப்பது அபூர்வம் என்று மட்டும் சொல்கிறது.

குழந்தையாகவே இருக்க முடிந்த ஆண்

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கங்கா அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். பிரபு இப்போது மனைவி, பிள்ளைகளோடு வாழ்கிறான். பணம் இருக்கிறது, வீட்டில் மதிப்பு இல்லை. வாசகர் ஒரு கொடியவனை எதிர்பார்க்கும்போது, பொறுப்பே அறியாத, வளராத ஒரு மனிதனை ஜெயகாந்தன் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவனிடம் ஒரு வெகுளித்தனமும் இருக்கிறது.

அந்த மாலை கங்காவை ஒரே இரவில் முதிர வைத்தது. பிரபுவை அது தொடவே இல்லை. அவன் செய்தது அவனுடைய வாழ்வில் ஓர் அத்தியாயமாகக்கூட மிஞ்சவில்லை. சமூகம் அவனிடம் எந்தக் கணக்கும் கேட்கவில்லை. கணக்குக் கேட்கப்படாதவர்கள் கடைசிவரை அறியாப் பிள்ளைகளாகவே இருந்துவிடலாம். பெண்ணுக்கு ஒரு முறை இழந்தால் திரும்பாத பொருளாக இருக்கும் பேதைமை, ஆணுக்கு ஆயுள் முழுவதும் கிடைக்கும் சலுகையாகிவிடுகிறது. நாவல் இதை எங்கும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விடுகிறது, அவ்வளவுதான்.

அகலிகையின் கேள்வி

கதையின் தாய் ஆறுதலுக்காகச் சொல்லும் அகலிகையைப் புதுமைப்பித்தன் 1940களிலேயே வேறு விதமாக எழுதியிருந்தார். ‘சாப விமோசனம்’ கதையில் அகலிகை கல்லிலிருந்து மீண்டு கௌதமனோடு வாழத் தொடங்குகிறாள். மன்னிப்பு கிடைத்துவிட்டது; இருந்தும் உலகத்தின் பார்வை அவளைத் துரத்துகிறது. வனவாசம் முடிந்து திரும்பிய சீதை வந்து, தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்ட ராமனே சீதையிடம் அப்படிக் கேட்டான் என்பதை அகலிகையால் தாங்க முடியவில்லை. அவள் மீண்டும் கல்லாகிறாள்.

இந்திரன் வந்தபோது அகலிகை அறியாதவள். உருவத்தைக் கண்டு ஏமாந்தவள். அந்த அறியாமைதான் அவளுக்கு விமோசனத்தைப் பெற்றுத்தந்தது. உண்மையான அனுபவம் அவளுக்குப் பின்னால்தான் வருகிறது. மன்னித்த அதே அறம் இன்னொரு பெண்ணிடம் நிரூபணம் கேட்கிறது என்று தெரியவரும் கணம் அது. ‘அக்னிப் பிரவேசம்’ அகலிகையின் முதல் பாதியோடு நின்றுகொள்கிறது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அவளுடைய இரண்டாம் பாதிக்குள் நுழைகிறது.

ஆண் இல்லாத இடத்தில்

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பை எழுதிய ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் குற்றம் செய்யும் ஆண் யாரும் இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுமி பூப்பெய்துகிறாள். அம்மா ஊரில் இல்லை. தன் உடலில் என்ன நடக்கிறதென்று புரியாமல், அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அம்மாதான் அழகு, தூய்மை, அன்பு எல்லாமே. அம்மா திரும்பி வருகிறாள். தங்கையின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், நிறம் கறுப்பு என்று வேண்டாமென்றுவிட்டார்கள். அந்தக் கசப்போடு வந்தவள், இதற்கு இப்போது என்ன அவசரம் என்ற பொருளில் சுள்ளென்று ஒரு சொல் சொல்கிறாள். கொலை அதுதான்.

ஜெயகாந்தனின் தாயையும் அம்பையின் தாயையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. முன்னவள், வெளியே நடந்த கொடுமையை வீட்டு வாசலில் தடுத்து நிறுத்துகிறாள். பின்னவள், வெளியே வரன் சந்தையில் கேட்டுவந்த விலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறாள். இரண்டிலும் ஒரு சிறுபெண் உலகத்தை முதலில் தெரிந்துகொள்வது தாயின் வாய்ச்சொல் வழியாக. அம்பையின் சிறுமிக்குத் தெரியவருவது தன் உடலைப் பற்றிய உண்மை அல்ல. அதை மற்றவர்கள் சுமையாகக் கணக்கிடுகிறார்கள் என்ற உண்மை. ‘அனுபவம்’ என்று நாம் பெருமையாகச் சொல்வது பல பெண்களுக்கு இத்தகைய கணக்குகளைக் கற்றுக்கொள்வதாகவே இருந்திருக்கிறது.

நீதிமன்றத்தில் ‘முன் அனுபவம்’

கதையின் தாய் விதித்த நிபந்தனை, அதாவது அறியாதவளுக்கே இரக்கம் என்பது, வீட்டோடு நிற்கவில்லை. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு, வன்புணர்ச்சி வழக்கில் புகார் செய்யும் பெண் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவளுடைய சாட்சியத்தைக் குலைக்க இடம் கொடுத்திருந்தது. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுபெண் காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட வழக்கில், அவள் ஏற்கெனவே உறவுக்குப் பழக்கப்பட்டவள் என்பதைக் கணக்கில்கொண்டு விசாரணை நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உயர்நீதிமன்றம் தண்டித்தது. உச்சநீதிமன்றம், உடலில் காயங்களோ எதிர்த்ததற்கான அடையாளமோ இல்லை என்று மீண்டும் விடுவித்தது. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் இத்தீர்ப்பைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் போராடின.

அதன் விளைவாக 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்ச்சி வழக்குகளில், தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றானது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் குற்றமாக்கப்பட்டது. அந்த 155ஆம் பிரிவின் உட்பிரிவு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு பெண்ணின் முன்னைய பாலுறவு அனுபவம் சம்மதத்தைத் தீர்மானிக்கப் பொருத்தமற்றது என்று வெளிப்படையாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இது தொடர்கிறது. ஒரு பெண் ‘பழக்கப்பட்டவளா’ என்று பார்ப்பதற்காக நடத்தப்பட்டுவந்த இருவிரல் சோதனையை இனி செய்பவர்கள் நடத்தைக்கேடு புரிந்தவர்களாகக் கருதப்படுவார்கள் என்று உச்சநீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது.

பேதையாக இருந்தால்தான் நீதி என்ற எண்ணத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் விலக்குவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த நேரத்தில் அவள் ஏன் அங்கே போனாள், ஏன் அந்தக் காரில் ஏறினாள் என்ற கேள்விகள் இன்றும் ஒவ்வொரு சம்பவத்தின் போதும் எழுகின்றன. அவை அந்தப் பழைய உட்பிரிவின் எச்சங்கள்.

நாவல் நின்ற இடம்

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஜெயகாந்தனின் சாதனையும் எல்லையும் ஒருசேரத் தெரிகின்றன. பேதைக்கு மட்டும் இரக்கம் காட்டிய கதையை எழுதியவர், அடுத்து உலகம் அறிந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு அவளுக்கும் வாசகரின் மதிப்பைப் பெற்றுத்தர முயன்றார். கங்கா கூர்மையானவள். தன்னைப் பற்றிய வதந்தியையே கவசமாக்கிக்கொள்ளத் தெரிந்தவள். மாமாவின் வேடத்தையும் அண்ணனின் கோழைத்தனத்தையும் அவளைப் போல் படித்தவர்கள் நாவலில் வேறு யாரும் இல்லை.

அத்தனை அறிவையும் பெற்ற பெண் கடைசியில் என்ன ஆகிறாள்? பிரபு விலகிப்போனதும் உடைந்து, குடிக்குப் பழகிவிடுகிறாள். தொடர்ச்சியாக வந்த ‘கங்கை எங்கே போகிறாள்’ நாவலில் அவளுடைய வாழ்வு கங்கை நதியிலேயே முடிகிறது. தனக்குத் தீங்கிழைத்தவனைத் தவிர வேறு யாரையும் சுற்றி அவளுடைய வாழ்க்கை அமைய முடியாது என்று நாவலின் கட்டமைப்பே ஏற்றுக்கொள்கிறது. அந்த நிபந்தனையை முதலில் விதித்தவர் வெங்கு மாமா என்பதை நினைத்துப் பார்த்தால், ஆசிரியர் எதிர்த்து எழுதிய பாத்திரமே இறுதியில் கதையை நடத்திச் செல்வதாகத் தோன்றுகிறது. சமூகம் அன்று அப்படித்தான் இருந்தது என்பது ஒரு பதில். தன் வேலையில் நிமிர்ந்து நின்று, யாரையும் எதிர்பார்க்காமல் ஒரு வீட்டை நடத்திக் காட்டிய கங்காவும் அதே சமூகத்தில்தான் இருந்தாள். அந்தப் பகுதியை எழுதியவரும் ஜெயகாந்தன்தான்.

அனுபவம் பெற்ற பெண்ணுக்கு அழிவைத் தவிர வேறொரு முடிவைக் கற்பனை செய்வது அந்த நாவல் விட்டுச்சென்ற வேலை. அதைப் பிறகு பெண்கள் எழுதிய கதைகளும் கவிதைகளும் தொடர்ந்து செய்துவருகின்றன. இருந்தபோதிலும், ஒரு தாய் வாயை மூடிக்கொண்டு நீரூற்றியதற்கும் வாய்விட்டு அலறியதற்கும் நடுவே ஒரு பெண்ணின் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு முதலில் கணக்கிட்டுக் காட்டியவை இவ்விரு படைப்புகளே. கதையை மட்டும் படித்தவர்கள் நாவலையும், நாவலை மட்டும் அறிந்தவர்கள் கதையையும் சேர்த்துப் படிப்பது நல்லது.